ஆத்து மணல் எங்கிருந்து வருது?

காலேஜ்னு ஒண்ணு இருந்தா, ஏதாவது ஒரு மூலையில கட்டட வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்போ ஒரு காரியம் பண்ணுங்க. அங்க கொட்டியிருக்கிறது ஆத்து மணலா இருந்தா, ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைப் பேப்பர்ல பரப்புங்க. மொபைல் கேமராவை ஜூம் பண்ணி அதைப் பாருங்க.

தூரத்துல ஒரே பழுப்பு நிறமா தெரிஞ்சது கிட்டத்துல அப்படி இருக்காது. பெரும்பாலான துகள் கண்ணாடித் துண்டு மாதிரி மங்கலா, வெள்ளையா இருக்கும். அது குவார்ட்ஸ். நடுவுல கொஞ்சம் பால் வெள்ளையாவும் இளஞ்சிவப்பாவும், ஒரு பக்கம் தட்டையா பளபளக்குற துகள் இருக்கும். அது ஃபெல்ட்ஸ்பார். மெல்லிசா தகடு தகடா மின்னுறது மைக்கா, ஊர்ல காக்காப்பொன்னு சொல்லுவாங்களே, அதேதான். அங்கங்க கறுப்புப் புள்ளி தெரியும். பேப்பருக்கு அடியில பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வெச்சு நகர்த்திப் பாருங்க. அந்தக் கறுப்புல சிலது காந்தத்தோட சேர்ந்து ஓடும். அது மேக்னடைட், இரும்பு ஆக்சைடு.

இந்த நாலும்தான் கனிமங்கள். குறிப்பிட்ட வேதியியல் அமைப்பும், உள்ளே ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட திடப்பொருள் கனிமம். பல கனிமத் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்தா அது பாறை. பாறையைச் சாம்பார் சாதம்னு வெச்சுக்கிட்டா, அதுல இருக்கிற அரிசி, பருப்பு, கத்திரிக்காய் எல்லாம் கனிமம்.

கேள்வி என்னன்னா, மலையில இருக்கிற பாறையில ஃபெல்ட்ஸ்பார்தான் அதிகம். கிரானைட் வகைப் பாறைகள்ல பாதிக்கு மேல அதுதான். குவார்ட்ஸ் ஏறக்குறைய கால் பங்கு. ஆனா உங்க பேப்பர்ல இருக்கிற மணல்ல கணக்கு தலைகீழா இருக்கு. குவார்ட்ஸ்தான் மெஜாரிட்டி. அப்போ வழியில ஃபெல்ட்ஸ்பாருக்கு என்ன ஆச்சு?

இதுக்கு பதில் தெரிஞ்சா மணல் ஏன் இவ்ளோ விலைன்னு புரியும். பாலம் ஏன் விழுதுன்னு புரியும். எம்-சாண்டைப் பத்தி மேஸ்திரிகள் ஏன் இன்னும் முணுமுணுக்கிறாங்கன்னும் புரியும். சிவில் டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு இதெல்லாம் இன்ஜினியரிங் ஜியாலஜி பேப்பர்ல வரும். மத்தவங்களும் வீடு கட்டத்தானே போறீங்க, படிங்க.

கல்லறையில கிடைச்ச பேரு

நம்ம பக்கத்துப் பாறை ஒண்ணையே உதாரணமா எடுத்துக்குவோம். சென்னையில விமானம் இறங்குறப்போ ஜன்னல் வழியா ஒரு சின்னக் குன்று தெரியும் இல்லையா, பரங்கிமலை. அதுவும் பக்கத்துல பல்லாவரம் குன்றும் ஒரே வகைப் பாறை. பேரு சார்னோகைட். நீலம் கலந்த சாம்பல் நிறம், உடைச்சுப் பார்த்தா எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. நாம பொதுவா கருங்கல்னு சொல்லிட்டுப் போறதுல நிறைய இதுதான். நீலகிரி மலையும் பெரும்பாலும் இந்தப் பாறைதான்.

பேரு வந்த கதை சுவாரசியமானது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் ஜாப் சார்னோக்கின் கல்லறை கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துல இருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட், அந்தக் கல்லறையின் மேல் கிடந்த கல்லை ஆராய்ந்து, அது மெட்ராஸ் பக்கத்துப் பாறைன்னு கண்டுபிடிச்சார். 1893ல அந்தப் பாறைக்குச் சார்னோக்கின் பேரையே வெச்சார். கொல்கத்தாவை நிறுவினவர்னு ரொம்ப காலம் சார்னோக்கைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2003ல கல்கத்தா ஹைகோர்ட் அப்படிச் சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. நகரம் போனாலும் பாறை அவர் பேர்லயே நின்னுருச்சு! இன்னைக்கு உலகத்துல எங்க இந்த வகைப் பாறை கிடைச்சாலும் அதுக்குச் சார்னோகைட்னுதான் பேரு. பரங்கிமலை தேசிய புவியியல் நினைவுச் சின்னங்கள்ல ஒண்ணு.

இந்தப் பாறை உருவானது சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி, தரைக்கு இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துல, எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டுல. தண்ணியே கிட்டத்தட்ட இல்லாத இடம். மேல இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான வருஷமா கரைஞ்சு போனதாலதான் இன்னைக்கு அது நம்ம காலடிக்கு வந்திருக்கு. பரங்கிமலைப் படிக்கட்டுல ஏறுறப்போ ஒரு பழைய மலைத்தொடரோட அடித்தளத்து மேலதான் நீங்க ஏறுறீங்க.

இங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது. பிரஷர் குக்கருக்குள்ள உருவான பொருளை வெளியே எடுத்து, மழையிலயும் ஆக்சிஜன்லயும் வெச்சா அது அமைதியா இருக்காது. எந்தக் கனிமம் எவ்ளோ அதிக சூட்டுல உருவாச்சோ, அது பெரும்பாலும் அவ்ளோ சீக்கிரம் தரை மேல கெட்டுப்போகும். இதை ஒழுங்கா வரிசைப்படுத்தி 1938ல வெளியிட்டவர் சாமுவேல் கோல்டிச் எனும் அமெரிக்கப் புவியியலாளர். முதல்ல ஒலிவின் போகும், அடுத்து பைராக்சின், அப்புறம் ஹார்ன்பிளெண்ட், கறுப்பு மைக்கா, ஃபெல்ட்ஸ்பார், வெள்ளை மைக்கா. கடைசியில நிக்கிறது குவார்ட்ஸ். வைவாவுல கேட்டா இந்த வரிசையைச் சொல்லுங்க, போதும். ஆனா காரணம் தெரிஞ்சா மனப்பாடம் பண்ணவே தேவையில்லை.

சிலிக்கேட் கனிமங்களுக்கெல்லாம் அடிப்படை, ஒரு சிலிக்கான் அணுவைச் சுத்தி நாலு ஆக்சிஜன் நிக்கிற ஒரு நான்முகி. ஒலிவின்ல ஒவ்வொரு நான்முகியும் தனித்தனி. நடுவுல மெக்னீசியமும் இரும்பும்தான் பசை. தண்ணி வந்து அந்தப் பசையைப் பிடுங்கினா மொத்தமும் உதிர்ந்திரும். குவார்ட்ஸ்ல பசையே கிடையாது. ஒவ்வொரு ஆக்சிஜனையும் ரெண்டு சிலிக்கான் பங்கு போட்டுக்கிட்டு, எல்லாமே ஒண்ணோட ஒண்ணு கோர்த்து நிக்குது. பிடுங்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை. ஃபெல்ட்ஸ்பாரும் கிட்டத்தட்ட அதே மாதிரி வலைதான். ஆனா சில இடத்துல சிலிக்கானுக்குப் பதிலா அலுமினியம் உட்கார்ந்திருக்கும். அந்த மின்சுமையைச் சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஃபெல்ட்ஸ்பாருக்கு எமனா வந்தது இந்த ஒட்டுதான்.

உடையறது வேற, அடிச்சுட்டுப் போறது வேற

ஸ்கூல்ல ரெண்டையும் ஒரே பாடத்துல படிச்சதால நிறைய பேருக்கு இது குழம்பிரும். பாறை இருந்த இடத்திலேயே நொறுங்குறதும் மக்குறதும் சிதைவு. நொறுங்கினதை ஆறோ, காத்தோ, அலையோ, புவியீர்ப்போ எடுத்துட்டுப் போறது அரிப்பு. சமையல்ல வெட்டுறதுக்கும் வாணலியில தள்ளுறதுக்கும் இருக்கிற வித்தியாசம்.

சிதைவுலயே ரெண்டு விதம். ஒண்ணு வெறும் உடைப்பு, பௌதிகச் சிதைவு. மேல இருந்த பாரம் போனதும் ஆழத்துல அழுத்திக் கிடந்த பாறை கொஞ்சம் உப்பும். உப்புறப்போ மேற்பரப்புக்கு இணையா விரிசல் விட்டு, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடா உரியும். மதுரை யானைமலை மாதிரி மொட்டைக் குன்றுகள் வழவழன்னு வளைஞ்சு நிக்கிறதுல இந்த உரிதலுக்கும் பங்கு உண்டு. விரிசல்ல ஆலமரமோ அரசமரமோ வேர் விட்டா அது ஒரு ஜாக்கி மாதிரி வேலை செய்யும். கோயில் கோபுரத்துல செடி முளைச்சா உடனே பிடுங்கச் சொல்றது அதனாலதான். கடலோரத்துல உப்புத் தண்ணி கல்லோட நுண்துளைக்குள்ள போய் காயும். உப்பு படிகமா வளர்றப்போ துளையோட சுவரைத் தள்ளும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல பல சிற்பங்களோட முகம் மழுங்கிப் போனதுக்கு உப்புக் காத்து ஒரு முக்கியக் காரணம்.

இன்னொண்ணு வேதிச் சிதைவு. நம்ம மாதிரி சூடும் மழையும் சேர்ந்த ஊர்ல இதுதான் பெரிய கை. மழைத்துளி வானத்துல வர்றப்பவே கொஞ்சம் கார்பன் டைஆக்சைடைக் கரைச்சுக்கிட்டு வரும். மண்ணுக்குள்ள போனதும், வேரும் நுண்ணுயிரும் விடுற மூச்சால அங்க இருக்கிற காத்துல வெளியே இருக்கிறதைவிடப் பல மடங்கு கார்பன் டைஆக்சைடு இருக்கும். தண்ணி இன்னும் கொஞ்சம் அமிலமாகும். சோடா பாட்டில் ரேஞ்சுக்கு இல்லை, ரொம்ப நீர்த்த அமிலம்தான். ஆனா அவசரமே இல்லாத அமிலம்.

அந்தத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் அயனி, ஃபெல்ட்ஸ்பாரோட ஒட்டிக்கிட்டு இருக்கிற சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தள்ளிட்டு அந்த இடத்துல உட்கார்ந்துக்கும். வலை குலைஞ்சு, மிச்சம் இருக்கிற அலுமினியமும் சிலிக்காவும் தகடு தகடா புதுசா அடுக்கிக்கும். அதுதான் களிமண். இரும்பு இருக்கிற கனிமங்கள் துருப்பிடிச்சு மண்ணைச் சிவப்பாக்கும். இந்த வேலை உச்சத்துக்குப் போய், கரையக்கூடியது எல்லாம் கரைஞ்சு இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சினா அது செம்புரைக்கல். கேரளாவுல அங்காடிப்புரத்துல இதை வெட்டி வீடு கட்டுறதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807ல இதுக்கு லேட்டரைட்னு பேரு வெச்சார். லத்தீன்ல லேட்டர்னா செங்கல்.

அப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பதில் இதுதான். ஃபெல்ட்ஸ்பார் காணாமப் போகலை. களிமண்ணா மாறிருச்சு. குவார்ட்ஸ் மாறாம அப்படியே உதிர்ந்து மணலாச்சு. ரெண்டும் ஒரே மலையில இருந்து ஒரே ஆத்துல வந்தாலும் பயணம் வேற வேற. களிமண் நுண்ணியது, தண்ணியில மிதந்துக்கிட்டே டெல்டா வரைக்கும் போய், வெள்ளம் வயலுக்குள்ள ஏறினப்போ வண்டலா படிஞ்சுது. மணல் கனமானது, ஆத்தோட படுகையில உருண்டும் குதிச்சும் மெதுவா நகர்ந்து அங்கயே தங்குச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விளையுறது பெரும்பாலும் தோத்துப்போன ஃபெல்ட்ஸ்பார் மேல. நாம கான்கிரீட்ல போடுறது ஜெயிச்ச குவார்ட்ஸை.

(அந்தக் காந்தக் கறுப்பு மாதிரி கனமும் உறுதியும் உள்ள சில கனிமங்கள் கடல் வரைக்கும் போகும். அலை இலேசான குவார்ட்ஸை அடிச்சுட்டுப் போய், கனமானதை மட்டும் விட்டுட்டுப் போற இடம்தான் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி. இல்மனைட், கார்னெட், தோரியம் இருக்கிற மோனசைட் எல்லாம் அங்க கடற்கரையிலேயே கிடக்குது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

சரி, எவ்ளோ நேரம் ஆகும்?

தஞ்சைப் பெரிய கோயில் 1010ல முடிஞ்சது. ஆயிரம் வருஷம் மழை பெஞ்சும் கல்வெட்டு எழுத்தை இன்னும் விரலால தடவிப் படிக்கலாம். ஏன்னா, செங்குத்தா நிக்கிற வெறும் கல்லு மேல தண்ணி தங்காது, வழிஞ்சு ஓடிரும். மண்ணுக்கு அடியில புதைஞ்சு ஈரத்துலயே ஊறுற பாறைதான் வேகமா மக்கும். அது கூட எவ்ளோ வேகம்? நம்ம தீபகற்பம் மாதிரி பழைய, அமைதியான நிலப்பரப்புகள்ல பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மீட்டர்ல இருந்து சில பத்து மீட்டர் வரைக்கும் தேய்மானம் இருக்கும். நாம 10 மீட்டர்னு வெச்சுக்குவோம். அதாவது நூறு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. இது அளவீடு இல்லை, தோராயக் கணக்கு. ஆனா எத்தனை பூஜ்யம் வருதுன்னு தெரிஞ்சுக்க இது போதும்.

காவிரிப் படுகையோட மொத்தப் பரப்பு சுமார் 81,000 சதுர கிலோமீட்டர். குடகுல இருந்து பூம்புகார் வரைக்கும், கபினி, பவானி, அமராவதி எல்லாம் சேர்த்து. அத்தனை இடத்திலயும் வருஷத்துக்கு 0.01 மில்லிமீட்டர் தேயுதுன்னா, கிடைக்கிற பாறை வருஷத்துக்கு சுமார் 8 லட்சம் கன மீட்டர். அதுல கால் பங்கு குவார்ட்ஸ், 2 லட்சம் கன மீட்டர். மணலா குவிச்சா நடுவுல இடைவெளி இருக்கும், அதனால கன அளவு கூடும். திடப்பொருள் 60 சதவீதம்னு வெச்சா, ஏறக்குறைய 3.3 லட்சம் கன மீட்டர் மணல். நம்ம ஊர் வியாபாரக் கணக்குல ஒரு யூனிட்னா 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஆக சுமார் 1,18,000 யூனிட். 4 யூனிட் லாரின்னா வருஷத்துக்கு 29,500 லோடு.

நாளுக்கு 80 லாரி.

மொத்தக் காவிரிக்கும். மூணு மாநிலம், அத்தனை கிளை நதி, அத்தனை மலை, எல்லாம் ராத்திரி பகலா உழைச்சு ஒரு நாளைக்கு உருவாக்கித் தர்ற புது மணல் அவ்ளோதான். முழுசா மக்காம வர்ற ஃபெல்ட்ஸ்பாரையும் சேர்த்தா கொஞ்சம் கூடும். தேய்மான வேகத்தை ரெண்டு மடங்காக்கினா 160. ஒரு பெரிய மணல் குவாரி வாசல்ல காலையில நிக்கிற லாரி வரிசையைப் பார்த்தவங்களுக்கு இந்த நம்பர் என்ன சொல்லுதுன்னு விளக்க வேண்டியதில்லை. மேஸ்திரிகளோட கைக்கணக்குல ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் பதினெட்டு யூனிட் மணல் போகும். அப்படின்னா மொத்தக் காவிரியோட ஒரு வருஷ வருமானம் ஆறாயிரத்து ஐந்நூறு வீடு.

வருமானம்னு சொன்னாலும் அது முழுசா கைக்கு வர்றதும் இல்லை. 1934ல மேட்டூர் அணை வந்ததுக்கப்புறம், படுகையோட ஏறக்குறைய பாதிப் பரப்புல இருந்து வர்ற மணல் அணைக்குப் பின்னாடியே தங்கிருது. பவானியில பவானிசாகர், அமராவதியில இன்னொரு அணை. மேல கர்நாடகாவுல கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி. அணைக்குக் கீழே நாம அள்ளுறது, ஆறு பல ஆயிரம் வருஷமா சேர்த்து வெச்ச இருப்பு. சம்பளம் நின்னு போன வீட்டுல பூர்வீகச் சொத்தை வித்துச் சாப்பிடுற நிலைமை.

படுகை இறங்கினா

மணல் ஆத்துல சும்மா கிடக்கலை. ஒரு கன மீட்டர் மணல்ல 350, 400 லிட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கு. அத்தனையிலயும் தண்ணி நிக்கும். அதுல பாதிக்கு மேல கிணத்துக்கோ ஊத்துக்கோ எடுக்க முடியும். கோடையில ஆறு காஞ்சு கிடந்தாலும் நாலடி தோண்டினா தண்ணி வந்தது இதனாலதான். ஆவியாகாம, தூசி விழாம, வடிகட்டியும் கொடுக்கிற ஒரு தொட்டி. அஞ்சு மீட்டர் மணல் போச்சுன்னா தொட்டியோட உயரத்துல அஞ்சு மீட்டர் போச்சு. ஆத்தோட மட்டம் இறங்கினா, பக்கத்து ஊர்க் கிணத்துத் தண்ணியும் கூடவே இறங்கி ஆத்துப் பக்கம் வடியும். கடலுக்குப் பக்கத்துல இருக்கிற ஊர்னா, நல்ல தண்ணி விலகின இடத்துக்கு உப்புத் தண்ணி வரும்.

கட்டுமானத்துக்கு வருவோம். பாலத்துத் தூணோட அடித்தளத்தை வடிவமைக்கிறப்போ, வெள்ளத்துல படுகை எவ்ளோ ஆழம் அரிபடும்னு கணக்குப் போட்டு, அதுக்கும் கீழே போய்தான் நிறுத்துவாங்க. அந்தக் கணக்கு ஆரம்பிக்கிறது அன்னைக்கு இருந்த படுகை மட்டத்துல இருந்து. படுகையே நாலஞ்சு மீட்டர் இறங்கிட்டா, தூண் அதே தூண்தான், ஆனா கால் வெளியே வந்திருச்சு. இதோட இன்னொரு சங்கடம்: அணையில மணலை விட்டுட்டு வெறுங்கையோட வர்ற தண்ணிக்கு இன்னும் மணலைச் சுமக்கிற சக்தி மிச்சம் இருக்கும். அது வழியில கிடைக்கிற படுகையையும் கரையையும் பேர்த்து எடுத்துக்கும். ஆத்தைப் படிக்கிறவங்க இதுக்குப் பசித்த நீர்னு பேரு வெச்சிருக்காங்க.

2018 ஆகஸ்ட்ல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காவிரியில வெள்ளம். திருச்சி முக்கொம்புல, ஆர்தர் காட்டன் 1830கள்ல கட்டின மேலணையோட கொள்ளிடப் பக்கத்து மதகுகள்ல ஒன்பது, 22ஆம் தேதி ராத்திரி அடிச்சுட்டுப் போச்சு. அதே மாசம் திருச்சியில கொள்ளிடத்தோட பழைய இரும்புப் பாலத்துத் தூண்களும் சாஞ்சுது. அந்தப் பாலத்துல ஏற்கெனவே போக்குவரத்தை நிறுத்தியிருந்தாங்க. மேலணைக்கு வயசு 180ஐத் தாண்டிருச்சு, அதான் காரணம்னு ஒரு தரப்பு. மணல் அள்ளினதால படுகை இறங்கினதுதான் காரணம்னு விவசாயிகள் தரப்பு. என்னைக் கேட்டா ரெண்டையும் தனித்தனியா பிரிக்க முடியாது. வயசான ஆள் வழுக்கி விழுந்தார்னா வயசையும் சொல்லணும், தரையையும் சொல்லணும்.

கிரஷர்ல பிறந்த மணல்

அதனாலதான் எம்-சாண்ட். 2016ல திருத்தின ஐ.எஸ். 383 தரநிலையும் இதை ஏத்துக்கிட்டாச்சு. கருங்கல் ஜல்லியை வேகமா சுழற்றி, கல்லோட கல்லை மோதவிட்டு உடைச்சு, சலிச்சு, கழுவி எடுக்கிறாங்க. நாம இவ்ளோ நேரம் பேசினதை வெச்சுப் பார்த்தா, இயற்கை லட்சக்கணக்கான வருஷத்துல செய்யற பௌதிகச் சிதைவை மெஷின் ஒரு நொடியில முடிச்சிருது. ஆனா வேதிச் சிதைவும் ஆத்துப் பயணமும் அதுல கிடையாது. அங்கதான் வித்தியாசமே.

ஆத்து மணல் பரீட்சை எழுதிப் பாஸான மணல். பலவீனமான கனிமம் எல்லாம் வழியிலேயே களிமண்ணாகிப் பிரிஞ்சிருச்சு, முனையும் ஓரளவு தேஞ்சிருச்சு. எம்-சாண்ட்ல பாறையில இருந்த எல்லாருக்கும் ஆல் பாஸ். ஃபெல்ட்ஸ்பார், ஹார்ன்பிளெண்ட், மைக்கா எல்லாமே இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் மக்காம புதுசா இருக்கிறவரைக்கும் பயமில்லை, கான்கிரீட்டுக்கு அது நல்ல உறுதியான துகள்தான். மைக்கா அதிகமா இருந்தா நல்லதில்லை, தகடு தகடா இருக்கிறதால சிமென்ட் சரியா பிடிக்காது. முனை கூர்மையா இருக்கிறதால கலவை சுலபமா நகராது. மேஸ்திரி முணுமுணுக்கிறது இதுக்குத்தான். அப்போ அவர் என்ன பண்ணுவார்? இன்னும் ஒரு குடம் தண்ணி ஊத்துவார். தண்ணி கூடினா கான்கிரீட்டோட வலிமை குறையும். பழி எம்-சாண்ட் மேல போகும். தண்ணிக்குப் பதிலா பிளாஸ்டிசைசர் சேர்த்திருந்தா அதே கூர்முனை நல்லா பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

உண்மையான ஏமாத்து வேலை வேற இடத்துல நடக்குது. ஜல்லி உடைக்கிறப்போ மிஞ்சுற கிரஷர் டஸ்ட்டை அப்படியே எம்-சாண்ட்னு விக்கிறது. சவுடு மண்ணைக் கழுவி ஆத்து மணல்னு விக்கிறது. ரெண்டாவதுல என்ன கலந்திருக்கும்னு உங்களுக்கு இப்போ தெரியும்: பாதி மக்கின ஃபெல்ட்ஸ்பாரும் அதோட களிமண்ணும். களிமண் துகளைச் சுத்தி ஒட்டிக்கிட்டா சிமென்ட்டுக்கும் மணலுக்கும் நடுவுல ஒரு திரை விழுந்த மாதிரி. அது ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும்.

எம்-சாண்டுக்கும் மலையைத்தான் உடைக்கணும் என்பதையும் சொல்லிடணும். ஆத்துக்குப் பதிலா குன்று போகுது. என் கருத்துல ரெண்டுல இது பரவாயில்லை. குன்று போனா அந்த இடத்துல ஒரு பள்ளம். ஆத்துப் படுகை போனா மேலயும் கீழயும் பல கிலோமீட்டருக்குப் பாலம், கிணறு, கரை எல்லாத்தையும் சேர்த்து இழுக்கும். ஆனா பூச்சு வேலைக்கும் சுவருக்கும் எவ்ளோ மணல் வீணாகுதுன்னு ஒரு சைட்ல போய் நின்னு பார்த்தீங்கன்னா, எதை உடைக்கலாம்னு பேசுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்குன்னு தெரியும்.

உங்க வீட்டுக்கு மணல் இறங்குதுன்னா, லாரி கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஈரமா ஒரு கைப்பிடி எடுத்து ரெண்டு உள்ளங்கையிலயும் தேய்ச்சுட்டு உதறுங்க. கையில சேறு ஒட்டி நின்னா சந்தேகப்படுங்க. அடுத்து, நேரான சுவர் இருக்கிற ஒரு கண்ணாடி ஜாடியில பாதி மணல் போட்டு, ஒரு ஸ்பூன் உப்பு கலந்த தண்ணி ஊத்தி, நல்லா குலுக்கி மூணு மணி நேரம் அசைக்காம வைங்க. உப்பு எதுக்குன்னா, களிமண் துகள்கள் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு மிதக்காம, ஒட்டிக்கிட்டு சீக்கிரம் கீழே இறங்கறதுக்காக. அடியில மணல், அதுக்கு மேல மெல்லிசா ஒரு வண்டல் அடுக்கு தெரியும். ஸ்கேல் வெச்சு அளந்து, வண்டலோட உயரத்தை மணலோட உயரத்தால வகுங்க. எட்டு சதவீதத்தைத் தாண்டினா லாரியைத் திருப்பி அனுப்பிருங்க.